எரிவாயுவில் ஓடாத வண்டி

“என் கையெழுத்துதான், அதுல என்ன சந்தேகம்?”ன்னாரு சோலைமலை. “பதினெட்டு மாசமும் நான் போட்டதுதான். இந்த ஆபீஸ்ல வேற எவனுக்கு அவ்வளவு அழகா எழுத வரும்?” கேட்டது பேச்சிமுத்து. அவரும் டிரைவருதான், இருவது வருசமா ஷெட்டுல பக்கத்துப் பக்கத்துல வண்டி நிறுத்துறவரு. பதிலக் கேட்டுட்டு பெஞ்சில கொஞ்சம் தள்ளி உக்காந்தாரு. மண்டல ஆபீஸ் மாடி வராண்டா. எதுத்தாப்புல சாத்துன கதவு, கதவுக்குப் பின்னாடி மெட்ராஸ்ல இருந்து வந்த விசாரணை ஐயா, ஐயாவுக்கு முன்னாடி சோலைமலை எழுதுன லாக் புக்கு மூணு. பதினோரு மணிக்கு வரச் சொன்னாய்ங்க, இப்ப பன்னெண்டே கால். “ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத,”ன்னாரு பேச்சிமுத்து. “பெட்ரோல வித்து மாட்டுனவன நெறையப் பாத்துருக்கேன். விக்காம மாட்டுனவன் நீ ஒருத்தன்தான். இதுக்குப் பேசாம வித்தே இருக்கலாம்.” சோலைமலை சிரிச்சாரு. சிரிக்கிறப்பவே, இத இவன் கீழ டீக்கடையில சொல்லிப் பாத்துட்டுத்தான் மேல வந்துருக்கான், அங்க நாலு பேரு சிரிச்சிருப்பாய்ங்கன்னு தோணுச்சு. தோணுனதும் சிரிப்பு பாதியில நின்னுபோச்சு. “டீ சொல்லவா?” “வேணாம், உள்ள போயி ஒண்ணுக்கு வந்துட்டா அதையும் மெமோவுல சேப்பாய்ங்க.” பேச்சிமுத்து தொடையத் தட்டிட்டு எறங்கிப் போனாரு. வராண்டாவுல ஃபேன் ஒண்ணு சுத்துறதா வேணாமான்னு யோசிச்சு யோசிச்சு சுத்திக்கிட்டு இருந்துச்சு.

மேற்படி ஓட்டுநர். அதான் தொண்டையில நிக்கிது. முந்தாநாள் மெமோவோட சேத்து, இவரு வண்டி ஓட்டுற அதிகாரி வசுமதி மேடம் மேலிடத்துக்குக் குடுத்த விளக்கத்தோட நகல் ஒண்ணயும் கையில குடுத்தாய்ங்க, ரெண்டு பக்கம். சோலைமலை அத ஷெட்டுல வண்டிக்குள்ள உக்காந்து படிச்சாரு, மொதத் தடவ வேகமா, ரெண்டாந்தடவ எழுத்துக்கூட்டி. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல சேந்து முப்பத்தி நாலு வயசுல பத்தாவது பாஸானவரு, படிக்கத் தெரியாதவரு இல்ல, ஆனா சில கடுதாசிய எழுத்துக்கூட்டித்தான் படிக்கணும், அப்பத்தான் வலி எந்த வார்த்தையில இருக்குன்னு தெரியும். மொதப் பத்தியில ஓட்டுநர் திரு. சோலைமலை. ரெண்டாவது பத்தியில மேற்படி ஓட்டுநர். அப்புறம் கடைசி வரைக்கும் மேற்படி, மேற்படி, பதினோரு எடத்துல மேற்படி. ஒம்போது வருசமா அந்தம்மா வாயில இவரு பேரு வந்ததே இல்ல. அண்ணேதான். அண்ணே வண்டிய எடுங்க, அண்ணே மெதுவாப் போங்க, அண்ணே அந்தக் கடையில நிறுத்துங்க ரெண்டு பேரும் சாப்புடுவோம். மந்திரி வந்த கூட்டத்துல டிரைவருகளுக்குத் தனிப் பந்தின்னு சொன்னப்ப, அண்ணன் என்கூடத்தான் உக்காருவாருன்னு சொல்லி இழுத்து உக்கார வச்ச அம்மா. அந்தச் சாப்பாட்டுல என்னென்ன வச்சாய்ங்கன்னு இப்பக் கேட்டாலும் வரிசையாச் சொல்லுவாரு, அன்னைக்கு எதுவும் தொண்டைக்குள்ள எறங்கல, சந்தோசத்துல. இன்னைக்கும் எறங்கல. தொண்டை ஒண்ணுதான். அண்ணே எந்த எடத்துல மேற்படியா மாறுனாரு? டைப் அடிக்கிறப்பவா, அதுக்கு முன்னாடியா? இல்ல, எழுதுங்கண்ணேன்னு சொன்ன அன்னைக்கேவா?

அதுக்கு முந்துன கதை ஒண்ணு இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஆர்டர் வந்துச்சு. இனிமே ஆபீஸுக்குப் புது வண்டி வாங்குனா பாதிக்குப் பாதி மாற்று எரிபொருள் வண்டியா இருக்கணும், கரண்டோ கேஸோ, அது உங்க பாடு, வாங்காட்டி எந்த வண்டியும் கெடையாது. அப்ப ஓட்டிக்கிட்டு இருந்த ஜீப்புக்குப் பதினாலு வயசு, பின்னாடி உக்காந்தா ரோடு தெரியும், ஒருக்க மேடத்தோட பேனா விழுந்து தரைக்குப் போகாம நேரா தார்ரோட்டுக்குப் போயிருச்சு. அதனால ஆர்டர் வந்ததுல எல்லாருக்கும் சந்தோசம். மொதல்ல கரண்டு வண்டி பேசுனாய்ங்க. மலையில தடுப்பணை பாக்கப் போறது சரி, திரும்பி வரணுமேன்னு சோலைமலை கேட்டாரு, எல்லாரும் சிரிச்சாய்ங்க, ஆனா குறிச்சுக்கிட்டாய்ங்க. கடைசியில ரெண்டுலயும் ஓடுற வண்டி வந்துச்சு, கேஸ்லயும் ஓடும், பெட்ரோல்லயும் ஓடும். வாங்குன கணக்குல மாற்று எரிபொருள், ஓட்டுற ரோட்டுல பெட்ரோலு. ஏன்னா கேஸ் பங்க் இருந்தது நாப்பத்தி மூணு கிலோமீட்டர் தள்ளி, அதுவும் போற தெசைக்கு நேரெதிர் தெசை. புடிக்கப் போயிட்டு வர்றதுக்குள்ள புடிச்சதுல மூணுல ஒரு பங்கு தீந்துரும். டிக்கி பூராம் சிலிண்டரு படுத்துக்கிச்சு, பைலெல்லாம் முன்சீட்டுல இவருக்குப் பக்கத்துல உக்காந்துச்சு, பிரேக் அடிச்சா மடியில வந்து விழும். கதவுல பச்சைக் கலர்ல ஒரு எலை, கீழ ‘தூய எரிவாயு வாகனம்’. சோலைமலை அத தெனமும் தொடைப்பாரு. வண்டியிலயே ரொம்ப சுத்தமான பாகம் அந்த எலைதான்.

மொத மூணு மாசம் உள்ளது உள்ளபடி எழுதுனாரு. லாக் புக்குல எடது பக்கம் எங்க போனோம், எத்தன கிலோமீட்டர், அதுக்கு அதிகாரி கையெழுத்து. வலது பக்கம் என்ன எரிபொருளு, எவ்வளவு, அதுக்கு டிரைவர் கையெழுத்து மட்டும். மொத மூணு மாசமும் வலது பக்கம் பெட்ரோல், பெட்ரோல், பெட்ரோல். மூணு மாசத்துக்கொருக்க மேல அனுப்புற படிவத்துல, மாற்று எரிபொருள்ல ஓடுனது எவ்வளவுன்னு ஒரு கட்டம், அதுல முட்டை. மேலருந்து லெட்டர் வந்துச்சு, இப்படியே போனா அடுத்த வண்டி ஒதுக்கீட்ட நிறுத்திருவோம், பொறுப்பு அதிகாரி நேர்ல வந்து விளக்கஞ் சொல்லணும். அன்னைக்குத் திரும்பி வர்ற வழியில, மழை லேசாத் தூறுது, வைப்பரு கிறீச் கிறீச்சுன்னு சத்தம் போடுது, அந்தம்மா பின்னாடி இருந்து, அண்ணே, பங்க் இங்கயே வரப்போகுதாம், ஆறே மாசம், அதுவரைக்கும் எரிவாயுன்னு எழுதிருங்கண்ணே, நானா தப்புப் பண்ணச் சொல்றேன், வண்டி அதுக்குன்னு வாங்குனதுதான, ஒங்க எழுத்தப் பாத்தா எவனும் கேள்வி கேக்க மாட்டான்னு சொல்லுச்சு. சொல்லுச்சா, கேட்டுச்சா? அது உத்தரவா இருந்திருந்தா எழுதிக் குடுங்க மேடம்னு கேட்ருப்பாரு, எத்தனையோ அதிகாரிககிட்ட அப்படிக் கேட்டு மொறைப்பு வாங்குனவருதான். தயவா கேக்குறவுககிட்ட எழுத்துல குடுங்கன்னு எப்படிக் கேக்குறது? வைப்பரு ரப்பர மாத்தணும்னு நெனச்சுக்கிட்டே, சரிம்மான்னுட்டாரு. அந்த ஒரு சரிம்மா. மறுநாள் காலையில எரிவாயுன்னு எழுதுனாரு. கை கூசுச்சு. மூணாம்நாள் கூசல. ஒரு வாரத்துல, பெட்ரோல் போட்டுட்டு வந்து எரிவாயுன்னு எழுதுறது, பேண்ட் போட்டுக்கிட்டு வேட்டின்னு சொல்ற மாதிரி ஒரு பழக்கமாப் போச்சு. பெட்ரோல் பில்லு ஒரு செக்‌ஷன், லாக் புக்கு ஒரு செக்‌ஷன், ரெண்டும் ஒரே மாடியிலதான் இருக்கு, ஒருநாள் கூட ஒண்ணயொண்ணு பாத்துக்கிட்டது இல்ல. நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு எரிவாயுன்னு படிவம் போச்சு. மண்டலத்துலயே மொத எடம்னு மேடத்துக்கு ஒரு ஷீல்டு வந்துச்சு. அண்ணே இது உங்களுக்குந்தான்னு சொல்லி அத இவரு கையில குடுத்து போட்டோ எடுத்தாய்ங்க. நல்ல கனம்.

பங்க் வரல. ஆடிட்டுதான் வந்துச்சு. வந்த தம்பிக்கு முப்பது வயசு இருக்கும், ஒல்லி, மேசையில பெட்ரோல் பில்லையும் லாக் புக்கையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுட்டான், பாவி, எவனும் செய்யாத காரியம். கிலோமீட்டருக்குக் கேஸ் பில்லு இல்ல, பெட்ரோல் பில்லுக்குக் கிலோமீட்டர் இல்லையே, எப்படின்னு கேட்டான். அப்பவே மேடம், தம்பி நாங்க மாத்தி எழுதிட்டோம்னு சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும், திட்டுவாய்ங்க, ஷீல்ட வாங்கிக்குவாய்ங்க, அவ்வளவுதான். மேடம் நாளைக்கு விளக்கம் குடுக்குறேன்னுச்சு. அந்த விளக்கந்தான் இந்த ரெண்டு பக்கம். வண்டி எரிவாயுலதான் ஓடுச்சாம். எரிவாயு மேற்படி ஓட்டுநரே சொந்தப் பொறுப்புல புடிச்சாந்தாராம், ரசீது பின்னாடி தர்றேன்னாராம். பெட்ரோல் என்னாச்சுன்னு மேற்படி ஓட்டுநரத்தான் கேக்கணுமாம். மூணாந்தடவ படிக்கிறப்பத்தான் சோலைமலைக்கு அதோட நேக்கு புரிஞ்சுச்சு. கேஸு வெல கம்மி, பெட்ரோலு வெல கூட. கைக்காசுல கேஸப் போட்டு ஓட்டிட்டு, ஆபீஸ் பெட்ரோல வெளிய வித்துட்டு, நடுவுல உள்ளத அமுக்கிருக்கான். எவ்வளவு பொருத்தமா இருக்கு. தானே அந்த நாற்காலியில விசாரணை ஐயாவா உக்காந்திருந்தா இதத்தான் நம்பிருப்பாரு. அவுங்க அறிக்கை உண்மையா இருக்கணும்னா இவரு திருடனா இருக்கணும். வேற வழி இல்ல. அந்தம்மா வேற வழிய ரொம்ப நேரம் தேடிருக்கும், அத நெனைக்கவும் முடியுது, அதான் எழவு. ராத்திரியெல்லாம் தூங்கியிருக்காது. அழுதிருக்கக் கூடச் செய்யும். அழுதுட்டு மேற்படின்னு எழுதிருக்கும்.

காலையில பொஞ்சாதி பூமயிலு இவரு சட்டைக்குப் பித்தான் தச்சுக்கிட்டே, “திருட்டுன்னா எழுதிருக்காய்ங்க?”ன்னு கேட்டுச்சு. “திருட்டுன்னு எழுதல. கையாடல்னு எழுதிருக்காய்ங்க.” “அது என்னாது, படிச்சவுக திருட்டா?” பல்லால நூலக் கடிச்சுட்டு, அதுவே சொல்லுச்சு, “நீ வித்திருந்தா நம்ம வீட்டுல தளம் போட்டுருப்போமே.” அதுவும் பேச்சிமுத்துவும் ஒரே வாத்தியாருகிட்டப் படிச்சிருப்பாக போல. ஆனா பித்தானக் கோணலாத் தச்சிருந்துச்சு. இன்னும் பத்தொம்போது நாள்ல ரிட்டயர்மெண்டு. மெமோ நிலுவையில இருந்தா கடைசி நாள் சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு ஒரு கவரக் குடுத்து, உன்ன ஓய்வு பெற அனுமதிக்கலன்னு சொல்லுவாய்ங்க, மாலை வாங்கி வச்சிருப்பாய்ங்க, அத என்ன செய்யிறதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. முன்னாடி இருந்த ஸ்டோர் கீப்பருக்கு அப்படித்தான் ஆச்சு, மாலைய மேசை மேல வச்சுட்டு எல்லாரும் வெளிய நின்னாய்ங்க, பூக்காரனுக்கு மட்டும் நல்ல யாவாரம். அந்த ஆளு அப்புறம் ரோட்டுல எதுக்க வந்தா ஆபீஸ் ஆளுக செருப்பு வார மாட்டுற மாதிரி குனிஞ்சாய்ங்க. இவரும் ஒருக்கக் குனிஞ்சிருக்காரு. செருப்புல வாரே இல்ல அன்னைக்கு. அது இப்ப எதுக்கு ஞாபகம் வருது. அந்தாளு உண்மையிலயே எடுத்தானா இல்லையான்னு இவரு ஒரு நாளும் கேட்டதில்ல. எடுத்திருப்பான்னு எல்லாரையும் போல நெனச்சுக்கிட்டாரு, நெனைக்க ரொம்ப நேரம் ஆகல. தன்னப் பத்தி நெனைக்கவும் ஒருத்தனுக்கும் ரொம்ப நேரம் ஆகாது. இருவத்தாறு வருசம். சீட்டுக்கடியில பெட்ரோல் உறியிற டியூப் வச்சிருக்காத டிரைவர் இந்த ஷெட்டுல இவரு மட்டுந்தான், அதுக்குக் கேலி வாங்குனது கொஞ்சமா, அரிச்சந்திரன் வர்றான் டேங்க மூடுங்கடான்னு. நல்லவன்னு பேரு எடுக்க அத்தன வருசம், அதப் புடுங்க ரெண்டு பக்கம் டைப்பு. 

நானும் ஒண்ணு சொல்ல முடியும், நெனச்சாரு. டிரைவருக்குக் காது முதுகுல. ஒம்போது வருசம் பின்சீட்டுல அந்தம்மா போன்ல பேசுனது பூராம் இவருக்குள்ள கெடக்கு, வீட்டுக்காரரோட சண்டை, தம்பிக்கு வேலைக்கு அலைஞ்சது, ஒருநாள் பாலத்துக்கிட்ட வண்டிய நிறுத்தச் சொல்லிட்டு ஒண்ணும் பேசாம அரைமணி நேரம் உக்காந்திருந்தது. அன்னைக்கு இவரு எறங்கிப் போயி டயரத் தட்டிப் பாத்துக்கிட்டே நின்னாரு, நாலு டயரையும், அப்புறம் ஸ்டெப்னியையும். அதெல்லாம் எடுத்து வெளிய போட்டா நாறும். போடக் கூடாது. அது வேற. அதத் தொட்டா அப்புறம் உண்மையிலயே மேற்படிதான். ஆனா மேடம் எழுதச் சொன்னாங்கன்னு மட்டும் சொன்னா? எங்க சொன்னாங்க, எப்ப சொன்னாங்க, யாரு கேட்டா? மழை கேட்டுச்சு. வைப்பரு கேட்டுச்சு. 

கதவு தொறந்துச்சு. விசாரணை ஐயா ரூம்ல இருந்து வசுமதி மேடமே வெளிய வந்துச்சு, முந்தானையால கழுத்தத் தொடைச்சுக்கிட்டு. சோலைமலை எந்திரிச்சாரு. எந்திரிக்கணும்னு நெனைக்கல, முழங்காலு தானா நிமுந்துச்சு, அதுக்கு மெமோ போகல போல. “உக்காருங்கண்ணே,”ன்னுச்சு மேடம், கண்ணப் பாக்காம. “சாப்டீங்களா?” “இனிமேத்தாம்மா.” “பயப்படாதீங்க. கவனக்குறைவுன்னு சொல்லிருங்க, பெருசா ஒண்ணும் வராது, நான் பேசிருக்கேன்.” “என்ன கவனக்குறைவு மேடம், பெட்ரோலு தொலைஞ்சு போச்சுன்னா?” எப்பவும் அம்மான்னு கூப்புடுறவரு மேடம்னு சொன்னது அந்தம்மாவுக்கு எங்கயோ பட்டுச்சு, வராண்டா கோடிய ஒருக்கப் பாத்துச்சு. அப்புறம் கையில இருந்த பைல மாத்திப் புடிச்சுக்கிட்டு, கொரலத் தாழ்த்தி, “வண்டிச் சாவியக் குடுங்கண்ணே. பேச்சிமுத்து எடுத்துட்டுப் போயி கேஸ் புடிச்சுட்டு வந்துரட்டும். சாயங்காலம் ஐயா வண்டியப் பாக்கணும்னு சொன்னாலும் சொல்லுவாரு. சிலிண்டரு காலியா இருந்தா நல்லா இருக்காது.” காலியா இருந்தா யாருக்கு நல்லா இருக்காதுன்னு சோலைமலை கேக்கல. சாவி அவரு கால்சட்டைப் பையில தொடைய அழுத்திக்கிட்டு இருந்துச்சு. “சாவி வீட்டுல இருக்கு மேடம்,”ன்னாரு. ஒம்போது வருசத்துல அந்தம்மாகிட்டச் சொன்ன மொதப் பொய்யி. அதுக்காக எழுதுன பொய்ய எண்ண முடியாது, அதுகிட்டச் சொன்னது இது ஒண்ணுதான். “வீட்டுலயா? டூப்ளிகேட்டு ஸ்டோர்ல இருக்கும்ல?” “ஸ்டோர் ஆளு அரைநாள் லீவு. ரெண்டு மணிக்கு வருவான்.” அதையும் அவராதான் சொன்னாரு, அது உண்மை. மேடம் மணியப் பாத்துச்சு. செருப்புச் சத்தம் வராண்டா கோடி வரைக்கும் போயி, படியில எறங்கிருச்சு.

கேஸு எதுக்கு இப்ப? பெஞ்சில மறுபடி உக்காந்தாரு, மெதுவா, வயசானவன் மாதிரி. பதினெட்டு மாசம் நெனப்புல இல்லாத கேஸு. பெட்ரோல் போட மூடியத் தொறந்தா உள்ள ரெண்டு வாயி இருக்கும், வலப்பக்கம் பெட்ரோலுக்கு, எடப்பக்கம் சின்னதா கேஸுக்கு. அந்தச் சின்ன வாயிக்குக் கம்பெனிக்காரன் மாட்டுன மஞ்சப் பிளாஸ்டிக் வளையம், மேல நம்பரோட. மொத மொத கேஸ் புடிக்கிறப்ப அத வெட்டித்தான் புடிக்கணும், வெட்டுனா திரும்ப ஒட்டாது. வாரத்துக்கு மூணு தடவ அந்த மூடியத் தொறந்திருக்காரு, தொறந்தப்பெல்லாம் அந்த மஞ்ச வளையம் கண்ணுல பட்டிருக்கு, கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கறத எவன் பாக்குறான்? வெட்டல. ஒரு தடவ கூட வெட்டல. பைக்குள்ள சாவியத் தொட்டுப் பாத்தாரு. அது முழுசா இருந்தா அந்த வண்டி பொறந்ததுல இருந்து கேஸே குடிக்கல. குடிக்கலன்னா ஓடுனது பூராம் பெட்ரோலு. பெட்ரோல்ல ஓடுனா பெட்ரோலு எங்கயும் போகல. மேடத்துக்கு அந்த வளையம் தெரியுமா? தெரியாது, மூடியத் தொறந்தே பாத்திருக்காது. சிலிண்டரு காலின்னு மட்டும் பயந்திருக்கு. சாவியக் குடுத்திருந்தா பேச்சிமுத்து போயி வெட்டிருப்பான், அவனுக்கு என்ன தெரியும், வெட்டுன துண்டத் தூக்கி பங்க்ல எறிஞ்சுட்டு வந்து டீ குடிச்சிருப்பான். 

அதக் காட்டுனா திருடன் இல்லன்னு ஆயிரும். அதே நிமிசம் பொய்யன்னும் ஆயிரும், மூணு லாக் புக்கு நெறையப் பொய்யி, மெமோ அப்படியேதான் நிக்கும், பத்தொம்போதாம் நாள் மாலையும் மேசையிலதான் இருக்கும். அதோட நிக்காது. படிவத்துல கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாய்ங்க. அந்தம்மா பொண்ணு இந்த வருசம் பன்னெண்டாவது. வீட்டுல ஏற்கனவே அப்படி. பாலத்துக்கிட்ட உக்காந்திருந்த முதுகு ஞாபகம் வந்துச்சு, கண்ணாடியில பாத்த முதுகு. இல்ல, கண்ணாடியில முதுகு எப்படித் தெரியும், மொகந்தான் தெரிஞ்சிருக்கும். மொகம் ஞாபகம் வரல. பேசாம கவனக்குறைவுன்னு சொல்லிட்டா என்ன? சொல்லிட்டு, அந்தம்மாவுக்காகத் திருடனா இருந்துட்டுப் போயிறலாம், டீக்கடையில நாலு நாள் சிரிப்பாய்ங்க, அப்புறம் வேற ஆளு கெடைப்பான். பூமயிலு கோணலாத் தச்ச பித்தான். சாவி வீட்டுல இருக்குன்னு சொன்னப்ப தன்னோட கொரலு நடுங்கலயே, அது ஏன்? அந்தக் கொரலு முடிவெடுத்து ரொம்ப நேரம் ஆச்சு போல, இவருதான் பெஞ்சில உக்காந்து அதுக்குப் பின்னாடி நடந்து வந்துக்கிட்டு இருக்காரு. பொய் எழுதுனவன்னு போட்டுக்கட்டும். அது நாம செஞ்சது. செய்யாததப் போட வேணாம். மணி பன்னெண்டு அம்பது. ரெண்டுக்கு ஸ்டோர் தொறக்கும்.

கதவ லேசாத் தொறந்து ஆபீஸ் உதவியாளரு செல்லத்தாயி தலைய நீட்டுச்சு. “சோலைமலை அண்ணே, ஐயா கூப்புடுறாரு. எழுதிக் குடுத்தாலும் சரிதானாம், வாயால சொன்னாலும் சரிதானாம்.”

“எழுதுனதெல்லாம் போதும் தாயி,”ன்னு எந்திரிச்சாரு. “ஐயாவ ஒரு எட்டு கீழ ஷெட்டு வரைக்கும் கூப்ட்டா வருவாரா?”

“சாப்புடுற நேரமாச்சே. நீங்களே கேட்டுப் பாருங்க.”

கேக்குறதுக்கு உள்ள போனாரு.